புதுத் தோசைக்கல்லும் புதுப் பிரேக் பேடும்

புது இரும்புத் தோசைக்கல்லை வாங்கி வந்த அன்றே யாரும் தோசை வார்ப்பதில்லை. கழுவி, சூடேற்றி, சில நாள் பழக்கிய பிறகுதான் மாவு ஒட்டாமல் எழும்பும். சைக்கிளின் டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான். இதை அறியாமல், அதில் உராய்ந்து வண்டியை நிறுத்தும் சிறு கட்டையான பேடைப் புதிதாக மாட்டிய மறுநாளே கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கினேன். லீவரை முழு பலத்தோடு அழுத்தியும் வண்டியின் வேகம் குறையவே இல்லை. சாலையோர மண்ணில் இறக்கித்தான் நிறுத்த முடிந்தது. பேடை மாற்றித் தந்த கடையில் பழக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை விரிவாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பிரேக் பிடிக்கும்போது பேடிலிருந்து மிக மெல்லிய படலம் ஒன்று, சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டான ரோட்டரில் படிகிறது. பேடும் இந்தப் படலமும் ஒன்றையொன்று பற்றும்போதுதான் முழுப் பிடிப்பு கிடைக்கும். புது ரோட்டரில் படலமே இருக்காது; பழைய ரோட்டரில் புதுப் பேடின் முகம் இன்னும் பொருந்தியிருக்காது. இந்தப் படலத்தைச் சுற்றிலும் சீராகப் படியவைப்பதே பழக்குதல்.

எந்தப் பேடை வாங்குவது?

முதலில் வடிவம். பேடுகளைத் தாங்கி ரோட்டரில் அழுத்தும் பாகம்தான் காலிப்பர்; காலிப்பருக்குக் காலிப்பர் பேடின் வடிவம் மாறும். பழைய பேடைக் கழற்றி, பின்புறத் தகட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஷிமானோ நிறுவனத்தின் எம்டி200 ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) பிரேக்கில் பி01எஸ், பி03எஸ், பி05எஸ் மூன்றும் பொருந்தும். எண் அழிந்திருந்தால் பழைய பேடையே கடைக்குக் கொண்டுபோங்கள். படத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்க வேண்டாம்.

அடுத்தது கலவை. ரெசின் எனப்படும் பிசின் கலவைப் பேடு சத்தமில்லாதது, குளிர்ந்த நிலையிலும் உடனே பிடிக்கும், விரைவில் பழகிவிடும். ஆனால் மழையிலும் சேற்றிலும் வேகமாகத் தேயும். நீண்ட இறக்கத்தில் அளவுமீறிச் சூடேறினால் பிடி தளரும். சின்டர்டு எனப்படும் உலோகப் பேடு சூட்டையும் சேற்றையும் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். பழகக் கூடுதல் நேரம் எடுக்கும், சத்தமும் போடும்.

உலோகப் பேடு வாங்குமுன் ரோட்டரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். விலை குறைந்த ரோட்டர்கள் பலவற்றில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அவற்றின் உலோகம் மென்மையானது. உலோகப் பேடு அதைச் சீக்கிரமே தின்றுவிடும். ஊருக்குள்ளும் சமவெளியிலும் ஓட்டுபவருக்கு ரெசினே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. வாரந்தோறும் மலை ஏறி இறங்குபவர், ரோட்டர் இடம்கொடுத்தால், உலோகப் பேடுக்குப் போகலாம்.

பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்றியாக வேண்டும் என்பது ஷிமானோவின் கணக்கு. நான் 1 மி.மீ.யிலேயே மாற்றிவிடுகிறேன். அந்த நிறுவனத்தின் ரோட்டர் 1.5 மி.மீ.க்கு மெலிந்தால் அதற்கும் விடைகொடுக்க வேண்டும்.

மாட்டுவது

சக்கரத்தைக் கழற்றியபின் லீவரைத் தொடாதீர்கள். காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். பூட்டு ஊசியை எடுத்துப் பழைய பேடுகளை உருவுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் டயர் நெம்புகோலால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிஸ்டன் உடையும்.

ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வேறு கலவைப் பேடுக்கு மாறுகிறீர்கள் என்றால், மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பழைய படலத்தை அகற்றிவிட்டுத் துடைப்பது நல்லது. புதுப் பேடின் முகத்தில் விரல் படக் கூடாது. இரண்டு பேடுகளுக்கும் நடுவில் ஸ்பிரிங்கை வைத்துச் சேர்த்தே செருகி, ஊசியைப் பூட்டிச் சக்கரத்தை மாட்டுங்கள். ரோட்டர் எங்கேனும் உரசினால், காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் சற்றுத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் இறுக்குங்கள்.

பழக்குவது

ஆளரவமற்ற சமமான சாலை வேண்டும். அதிகாலை நல்ல நேரம். முன், பின் பிரேக்குகளைத் தனித்தனியாகப் பழக்குங்கள்.

சுமார் 20 கி.மீ. வேகத்துக்கு மிதித்துப் போய், மிதிப்பதை நிறுத்தி, ஒரு பிரேக்கை மட்டும் சீராக அழுத்துங்கள். நடை வேகத்துக்கு வந்ததும் விட்டுவிடுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. வண்டி முழுதாக நிற்கவும் கூடாது. சூடான பேடு ஓரிடத்தில் அழுந்தி நின்றால் அங்கே மட்டும் படலம் தடித்துவிடும், பிறகு பிரேக் பிடிக்கும் போதெல்லாம் லீவர் அதிரும். இப்படி 20 முறை. அடுத்து 25 முதல் 30 கி.மீ. வேகத்தில் இன்னும் அழுத்தமாக 10 முறை. முன் பிரேக்கைப் பிடிக்கும்போது உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு முறைக்குப் பிறகு லீவரில் ஒரு மாற்றம் தெரியும். வெண்ணெயில் வழுக்குவதுபோல் இருந்த பிடி மெல்ல மெல்லக் கெட்டிப்படும். அதை உங்கள் விரலே சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த தருணம் இது. முடிந்ததும் பிரேக் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். ரோட்டர் கொதிக்கும், தொட்டுப் பார்க்காதீர்கள்.

30 முறைக்குப் பிறகும் பிடி வரவில்லை, கீச்சிடுகிறது என்றால் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். தோசைக்கல்லுக்கும் இதற்கும் இங்கேதான் வேறுபாடு. அங்கே எண்ணெய் ஊற்றித்தான் பழக்குகிறோம். இங்கே ஒரு சொட்டுப் பட்டாலே பேடு உறிஞ்சிக்கொண்டு பாழாகும். உப்புத்தாளால் தேய்த்தால் சில சமயம் பிழைக்கும், ஆனால் மலை இறக்கத்துக்கு அதை நம்பாதீர்கள், புதியது வாங்குங்கள். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது ஸ்பிரேயைத் தவிர்த்து, துளித் துளியாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.