மண் பாதைக்கு எந்த பிளேடு வாங்கலாம்?

தோட்டத்துக்குப் போகும் மண் பாதையைச் சரிசெய்ய டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் பிளேடு வாங்கப் போகிறீர்கள் என்றால், விலையைக் கேட்பதற்கு முன் டிராக்டரின் பின் டயர்களுக்கு வெளிப்புற அகலத்தை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பிளேடை நேராக வைத்து இழுத்தால் மண் முன்னால் குவியுமே தவிர ஓரம் ஒதுங்காது, ஒரு பக்கமாகக் கோணத்தில் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். 30 டிகிரி திருப்பினால் 6 அடி பிளேடு சுமார் 5.2 அடியைத்தான் மூடும், அளந்த அகலம் அதைவிட அதிகமென்றால் டயர் தடம் வெளியே நிற்கும். 7 அடி என்றால் ஆறடி கிடைக்கும்.

அப்புறம் எடை. லேசான பிளேடு இறுகிய செம்மண்ணைக் கண்டால் மேலே சறுக்கிக்கொண்டு போகும், காசு வீண். டிராக்டர் தூக்கும் அளவுக்குள் கனமானதாகப் பாருங்கள்.

ஒரு பக்கம் தாழ்த்தும் வசதி கட்டாயம் வேண்டும். பத்தடிப் பாதையில் நடு மூன்று அங்குலமாவது உயர்ந்திருந்தால்தான் மழைத்தண்ணீர் ஓரத்துக்கு வடியும், இல்லாவிட்டால் அடுத்த மழையிலேயே பழைய குழிதான். வெட்டும் விளிம்பு போல்ட் போட்டதா என்று குனிந்து பாருங்கள். தேய்ந்ததும் திருப்பி மாட்டலாம், வெல்டிங் செய்ததில் அது முடியாது.

ஓட்டுவது மழை பெய்து ஈரம் கொஞ்சம் காய்ந்த பிறகு. காய்ந்த மண்ணில் புழுதிதான் மிஞ்சும்.