வதந்தி பரவும் நாட்களில் வீட்டாரின் மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி

2018 பெப்ரவரி கடைசியில் இலங்கையின் அம்பாறையில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த மாவுக்கட்டியைக் காட்டி, சிங்களவர்களுக்கு மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். அது வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு சொன்னது. அதற்குள் அங்கே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டு, சில நாட்களில் கண்டிப் பக்கம் திகனயும் எரிந்துவிட்டது. உடைந்த கட்டடங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கதவைப் பூட்டினோமா என்று ராத்திரி மூன்று தரம் எழும்பிப் பார்க்கிற உம்மாவைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் அவரைக் கவனிக்க வீட்டில் நாம்தான் இருக்கிறோம்.

முதலில், "பயப்படாதீங்க" என்று சொல்லாதீர்கள். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை இல்லை என்று சொன்னால் அவர் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார், பயம் மட்டும் அப்படியே இருக்கும். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, இன்றைக்கு ராத்திரி நான் முன் அறையில் படுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். செய்ய ஒரு வேலை இருந்தால் உடம்பு கொஞ்சம் அடங்கும்: அடையாள அட்டை, மருந்து, பணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைப்பது, அவசரத்துக்கு யார் வீட்டுக்குப் போவது என்று பேசி வைப்பது.

அப்புறம் ஃபோன். வீட்டில் ஒருவர் மட்டும் செய்தி பார்க்கட்டும், காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். கடை எரிகிற வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள், எச்சரிக்கத்தான் அனுப்புகிறீர்கள் என்றாலும் அது போய்ச் சேர்வது படுக்கையில் கிடக்கிற யாரோ ஒருவரிடம். பழைய வீடியோவும் புதிதுபோலச் சுற்றும், அதனால் சம்பவம் நடந்ததாகச் சொல்கிற ஊரில் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு நம்புங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறோம், ஆனால் காலையில் வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்கூடம் போக மறுப்பதும், விட்டுவிட்ட படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வருவதும் அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். "நீ என்ன கேள்விப்பட்டாய் மகன்?" என்று முதலில் கேளுங்கள், கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். 2019 ஏப்ரலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்தவர்கள் ஒரு சிறு கூட்டம், ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை விலகி உட்கார்ந்ததை எந்தக் குழந்தையாலும் விளங்கிக்கொள்ள முடியாது. "அது நான் செய்தது இல்லை, எனக்கும் கவலைதான்" என்று சொல்ல வீட்டிலேயே பழக்கிக் கொடுங்கள், வகுப்பு ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள்.

நீங்கள் தமிழ் இந்துவாகவோ கிறிஸ்தவராகவோ சிங்களவராகவோ இருந்து ஒரு முஸ்லிம் நண்பருக்கு உதவ நினைத்தால், "நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைதான்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், மற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று அதற்கு அர்த்தம். 2019 ஏப்ரல் 29 அன்று, அந்தக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த தடை முகத்தை மூடுவதற்கு மட்டும்தான், ஆனால் தலையை மட்டும் மறைத்த பெண்களையும் ஆஸ்பத்திரி வாசலிலும் அலுவலக வாசலிலும் நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் அவர்களோடு ஒருவர் நடந்து போவதே பெரிய உதவி. நண்பரின் கடையில் வழக்கம்போலச் சாமான் வாங்குங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

மிகக் கடினமானது ஜனாஸாக்களை, அதாவது இறந்த முஸ்லிம்களின் உடல்களை, எரித்த காலத்தின் துக்கம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும், 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள், 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையையும் எரித்தார்கள். கொழும்பு பொரளை மயான வாசலில் மக்கள் வெள்ளைத் துணி கட்டியது அதற்குத்தான். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது, ஆனால் குளிப்பாட்டவில்லை, கபன் துணி சுற்றவில்லை, விட்டுவிட்டோம் என்கிற குற்ற உணர்வு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி ஒருவர் வீட்டுக்குப் போனால் "எல்லாம் இறைவன் நாட்டம்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அந்த வார்த்தையை அவரே சொல்லட்டும். மௌத்தானவரின், அதாவது இறந்தவரின், பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அழுதால் நிறுத்தாதீர்கள், பேச விருப்பமில்லை என்றால் கிண்டிக் கேட்காதீர்கள். "உங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே, இது உங்கள் குற்றம் இல்லை" என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள், ஒரு தரம் போதாது. இறந்தவர் பெயரில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதவோ ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கவோ அவர் விரும்பினால் பக்கத்தில் நின்று செய்யுங்கள், கைவிட்டுப்போன கடமையில் கொஞ்சமாவது அவர் கைக்குத் திரும்பும்.

இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கடை திறக்க முடியவில்லை என்றால் வைத்தியரிடம் போக வேண்டும். "இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, எடுத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியே அனுப்பாமல் கூடவே போய், அவர் பெயரைக் கூப்பிடும் வரை பக்கத்தில் உட்காருங்கள்.