14-பிஸ் மாடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட் (தயார் பாகங்கள் கொண்ட பெட்டி) இல்லாமல் 1/48 அளவில், பிரேசில் நாட்டு விமான முன்னோடி சாந்தோஸ்-துமோனின் 14-பிஸ் விமானத்தைச் செய்ய உட்காருபவர்கள் சறுக்குகிற இடங்கள் அநேகமாக ஒன்றேதான். பசை சிந்துவது, விரல்ரேகை படிவது எல்லாம் கை பழகப் பழகச் சரியாகிவிடும்; அவற்றை விடுவோம்.

இரண்டு விமானத்தை ஒன்றாக்குவது

1906 அக்டோபர் 23 அன்று பாரீஸின் பகத்தேலில் சுமார் 60 மீட்டர் பறந்தபோது இதில் ஏலரான் (விமானம் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் அசையும் தட்டு) கிடையாது. நவம்பர் 12 அன்று 220 மீட்டர் பறந்தபோது இறக்கையின் பெட்டி போன்ற அறைகளில் வெளிக்கோடியில் உள்ளவற்றில் எண்கோண ஏலரான்கள் இருந்தன. எந்த நாளின் விமானம் என்று முடிவு செய்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.

எது முன்பக்கம்?

விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் பெட்டி முன்னால். புரொப்பெல்லர் பின்னால்.

விமானிக்கு இருக்கை

வேண்டாம். சாந்தோஸ்-துமோன் பிரம்புக் கூடையில் நின்றபடியே ஓட்டினார்.

கம்பியை இழுத்துக் கட்டுவது

மற்றதெல்லாம் அழகாகச் செய்துவிட்டு இதில் கோட்டை விடுவதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல்தான். நைலான் இழையை வீணைத் தந்திபோல் முறுக்கேற்றி, இடது இறக்கையை முழுக்க முடித்த பிறகே வலதுக்குப் போகிறார்கள். நிஜ விமானத்தில் பெட்டி அறைகளைக் கோணாமல் பிடித்திருந்தது கம்பி. மாடலில் அந்த வேலையைப் பசை செய்துவிடுகிறது. கம்பிக்கு இழுவிசையே தேவையில்லை. இழுத்தால் ஒவ்வொரு மூலைவிட்டமும் மெல்லிய மூங்கில் சட்டத்தைத் துளித்துளியாகச் சாய்க்கும். ஓர் அறையில் தெரியாது. மூன்றாவது அறைக்கு வரும்போது இறக்கை நுனி முறுக்கிக்கொண்டிருக்கும். முன்பெட்டியைப் பொருத்தி நேர் எதிரில் நின்று பார்க்கும்போதுதான் கோணல் பளிச்சென்று தெரியும். அதற்குள் சூப்பர் க்ளூ இறுகியிருக்கும். பிரிக்கப் போனால் இறக்கையில் போர்த்திய டிஷ்யூ தாளும் கிழியும். பல வார வேலை குப்பைக்கு.

முதலில் பலகையில் ஜிக் (பாகங்களைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கும் தாங்கி) அமையுங்கள். இறக்கைகளின் மேல்நோக்கிய சாய்வு சுமார் 10 பாகை. அரை இறக்கை ஏறக்குறைய 12 செ.மீ. என்பதால் நுனி நடுப்பகுதியைவிட 21 மி.மீ. உயர வேண்டும். பசை ஓர் இரவு முழுக்கக் காயட்டும். பிறகு ஒவ்வொரு மூலைவிட்டத்தையும் டிவைடரால் தனித்தனியாக அளந்து, 0.1 மி.மீ. எஃகுக் கம்பியை அந்த நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிமேல் வைத்து ஸ்கேலால் உருட்டி நேராக்குங்கள். இரு முனையிலும் வெள்ளைப் பசை ஒரு பொட்டு, அவ்வளவுதான். தவறினால் ஈரத் தூரிகையால் தொட்டாலே கழன்றுவிடும். 0.3 மி.மீ. நூல் கைவசம் இருக்கிறதே என்று அதைக் கட்டாதீர்கள். நிஜ அளவில் அது 14 மி.மீ. தடிமன்.

வெள்ளை பெயிண்ட்

மூலத்தில் பட்டுத்துணி. அடர் வெள்ளை அடித்தால் ஒளி ஊடுருவாது, உள்ளே உள்ள குச்சிகளின் நிழலும் தெரியாது. ஜப்பானிய டிஷ்யூ போதும். நீர் தெளித்து இறுக்கும்போது, காயும்வரை சட்டத்தைப் பலகையில் குண்டூசியால் குத்தியே வையுங்கள்.