எண்ணும் கணக்குகளில் மதிப்பெண் எங்கே போகிறது? ஜேஇஇ மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேஇஇ மெயின் தேர்வில் கணிதத்துக்கு 25 கேள்விகள். அதில் 20 நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. மீதி 5 கேள்விகளுக்கு விடையை எண்ணாகத் திரையில் தட்ட வேண்டும். 2025 முதல் இந்த ஐந்தில் விருப்பத் தேர்வு கிடையாது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 குறையும். முழுக்கள், வரிசை மாற்றம், சேர்வு பற்றிய கேள்விகள் இந்தப் பகுதிக்கு இயல்பாகவே பொருந்தும், ஏனென்றால் விடை எப்போதும் ஒரு முழு எண்தான்.

இங்கே உள்ள ஆபத்து, தவறான விடையும் அழகான முழு எண்ணாகவே வந்து நிற்கும் என்பது. இயற்கணிதத்தில் தப்பு செய்தால் பின்னமோ அசிங்கமான வர்க்கமூலமோ வந்து எச்சரிக்கும். எண்ணும் கணக்கில் அந்த எச்சரிக்கை கிடையாது. இந்தப் பாடத்தில் பெரும்பாலான மதிப்பெண்கள் பெருக்கல் பிழையால் போவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். எதை எண்ணுகிறோம், அதை ஒரே ஒரு முறைதான் எண்ணுகிறோமா என்று கேட்காமல் சூத்திரத்துக்குத் தாவுவதால்தான் போகின்றன.

மிகப் பெரிய பொறி 'குறைந்தபட்சம்'. 6 ஆண்கள், 4 பெண்களிலிருந்து 5 பேர் கொண்ட குழு வேண்டும், குறைந்தபட்சம் 2 பெண்கள் இருக்க வேண்டும் என்று கேள்வி. பலரும் உடனே செய்வது இது: முதலில் 2 பெண்களை எடுத்துவிடுவோம், அதற்கு 6 வழி. மீதமுள்ள 8 பேரில் யாராவது 3 பேர், அதற்கு 56 வழி. 6 × 56 = 336. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நிபந்தனையும் இல்லாமல் 10 பேரில் 5 பேரைத் தேர்ந்தெடுத்தாலே மொத்தம் 252 குழுக்கள்தான்! நிபந்தனை போட்ட பிறகு எண்ணிக்கை கூடுமா?

என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரு குழுவில் 3 பெண்கள் இருந்தால், அவர்களில் எந்த இருவரை 'முதலில் எடுத்தோம்' என்பதைப் பொறுத்து அதே குழு 3 முறை எண்ணப்படுகிறது. 4 பெண்கள் இருந்தால் 6 முறை. சரியான வழி, பெண்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பிரிப்பது. 2 பெண்கள் உள்ள குழுக்கள் 120, 3 பெண்கள் என்றால் 60, 4 பெண்கள் என்றால் 6. மொத்தம் 186. இப்போது 120 + 3 × 60 + 6 × 6 என்று போட்டுப் பாருங்கள், அதே 336 வரும். தவறு எங்கிருந்து வந்தது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. 'முதலில் வேண்டியதை எடுத்து வைப்போம், மீதியை அப்புறம் நிரப்புவோம்' என்று மனம் சொன்னால் அங்கேயே நின்று, ஒரே குழு இரண்டு வழிகளில் உருவாகிறதா என்று சோதியுங்கள்.

பூச்சியத்தை வைத்து வரும் கணக்குகளில் தவறு வேறு மாதிரி. 0, 1, 2, 3, 4, 5 இலக்கங்களைக் கொண்டு, ஒரு இலக்கம் திரும்ப வராமல், எத்தனை நான்கிலக்க இரட்டை எண்கள் அமைக்கலாம்? கடைசி இடத்துக்கு 3 தேர்வுகள், மற்ற இடங்களுக்கு 5, 4, 3 என்று பெருக்கினால் 180. இதில் 0இல் தொடங்கும் எண்களும் சேர்ந்துவிட்டன. சரி, முதல் இடத்திலிருந்து தொடங்கலாம் என்றால் அங்கே 5 தேர்வு, கடைசியில் 3 தேர்வு, நடுவில் 4 × 3 என்று மறுபடியும் 180. முதல் இடத்தில் 2 அல்லது 4 உட்கார்ந்துவிட்டால் கடைசி இடத்துக்கு 3 தேர்வு இல்லை, 2தான் என்பதை இந்த வழி மறந்துவிட்டது. ஒரு படியின் தேர்வுகள் முந்தைய படியில் எதை எடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறினால், நேராகப் பெருக்கவே கூடாது, பிரிக்க வேண்டும். கடைசி இலக்கம் 0 என்றால் 5 × 4 × 3 = 60. கடைசி இலக்கம் 2 அல்லது 4 என்றால் 2 × 4 × 4 × 3 = 96. விடை 156.

முழுக்களுக்கு வருவோம். மாணவர்கள் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு, கேள்வி எந்த எண்களைக் கேட்டது என்பதைத் தவறவிடும் இடம் இது. 1/க + 1/ச = 1/6 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதை (க − 6)(ச − 6) = 36 என்று மாற்றலாம். 36க்கு 9 மிகை வகுத்திகள். க, ச இரண்டும் மிகை முழுக்கள் என்றால் 9 சோடிகள். (குறை வகுத்திகளை எடுத்தால் க, ச இரண்டும் மிகையாக வர வழியில்லை, நீங்களே போட்டுப் பாருங்கள்.) வரிசை முக்கியமில்லை, (7, 42), (42, 7) இரண்டும் ஒன்றுதான் என்றால் விடை 5. வெறும் 'முழுக்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால் குறை வகுத்திகளும் சேர்ந்து 18 ஆகும், ஆனால் −6 × −6 எடுக்கும்போது க, ச இரண்டும் பூச்சியமாகிவிடுகின்றன. பூச்சியத்தால் வகுக்க முடியாது, ஆகவே விடை 17. ஒரே சமன்பாடு, மூன்று விடைகள். கேள்வித்தாளில் வித்தியாசம் ஒரு சொல்தான்.

அ + ஆ + இ = 10 என்பதிலும் இதே கதை. மிகை முழுக்கள் என்றால் 36 தீர்வுகள், பூச்சியத்தையும் அனுமதித்தால் 66. ஆகவே கேள்வியைப் படித்ததும் எண்களின் எல்லையைத் தாளில் ஓர் ஓரமாக எழுதிவிடுங்கள். தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இன்னொன்று: ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது தேர்வு விதி. 'குறைந்தபட்சம்', 'அதிகபட்சம்', 'சரியாக' போன்ற சொற்கள் வரும் கேள்விகளில் அந்த வடிவத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எல்லைகளில் ஒன்று கூடுவதும் குறைவதும் சின்னத் தவறுதான், ஆனால் அடிக்கடி நடப்பது. 98 முதல் 500 வரை 7இன் மடங்குகள் எத்தனை? 500க்குள் 71. அதிலிருந்து 98 வரை உள்ள 14ஐக் கழித்து 57 என்று எழுதினால் 98ஐயே தூக்கி எறிந்துவிட்டோம். கழிக்க வேண்டியது 97 வரை உள்ள 13. விடை 58.

இரண்டு நிபந்தனைகளை ஒன்றாக விலக்கும்போது, இரண்டு முறை கழித்ததைத் திரும்பக் கூட்டவும் மறக்கக் கூடாது. 1, 1, 2, 2, 3 இவற்றை அடுக்கினால் 30 ஐந்திலக்க எண்கள். ஒன்றுகள் சேர்ந்து வருபவை 12, இரண்டுகள் சேர்ந்து வருபவை 12. எந்த இரட்டையும் சேர்ந்து வராதவை 6 என்று அவசரப்பட்டு எழுதினால் தவறு. இரண்டு இரட்டைகளும் சேர்ந்து வரும் 6 எண்களை நாம் இருமுறை கழித்திருக்கிறோம். அவற்றைக் கூட்டினால் 12.

குழுக்களாகப் பிரிக்கும் கணக்கில் குழுக்களுக்குப் பெயர் உண்டா என்று கேட்க வேண்டும். 6 பேரை மூன்று வெவ்வேறு அறைகளில் இருவர் இருவராகத் தங்க வைக்க 90 வழிகள். வெறுமனே மூன்று சோடிகளாகப் பிரிக்க 90ஐ 3!ஆல் வகுத்து 15. இதில் குழப்பம் வந்தால் 4 பேரை வைத்துச் சோதியுங்கள். முதல் ஆளுக்கு மூன்று பேரில் யாராவது துணை, மீதி இருவர் தானாகச் சோடி. ஆக 3 வழிதான். சூத்திரம் 6 என்று சொன்னால் வகுக்க மறந்துவிட்டீர்கள்.

சின்ன எண்ணை வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் முதலில் சொன்ன பொறிக்கும் உதவும். 2 ஆண்கள், 2 பெண்கள், இருவர் குழு, குறைந்தபட்சம் ஒரு பெண். 'முதலில் ஒரு பெண்ணை எடுத்து வைத்தால்' 2 × 3 = 6. மொத்தக் குழுக்களே 6தான். அதில் இரண்டு ஆண்கள் மட்டும் உள்ள குழு ஒன்று இருக்கிறது. எனவே விடை 5. விரலால் எண்ணியே முடித்துவிடலாம், அரை நிமிடம்கூட ஆகாது.