ரோஸ் நிறத்தை நம்பி ஏமாந்த கதை: நோய் எதிர்ப்புச் செல் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ப்ராஜெக்டுக்கு வந்த மாணவி ஒருத்தி, 96 குழித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "சார், நம்ம பாசி வேலை செய்யுது!" வரிசையாக எல்லாக் குழியிலும் நல்ல ரோஸ் நிறம். பாம்பன் பக்கத்துக் கஞ்சிப் பாசியின் சாற்றை எலியின் மேக்ரோபேஜ் செல்களில் (கிருமியை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) விட்டு 24 மணி நேரம் வைத்திருக்கிறாள். மேக்ரோபேஜ் உசுப்பப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடை வெளியே விடும், அது நைட்ரைட்டாக மாறும், அதில் கிரீஸ் ரீஏஜென்ட்டை ஊற்றினால் ரோஸ் வரும். சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் லேப் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறேன். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கையுறை போடு, ஹூடை ஸ்பிரிட்டால் துடை, திறந்த பாட்டிலுக்கு மேல் கையை நீட்டாதே என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது திட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கிருமி செத்தால் போதும் என்று நினைப்பது

மன்னார் வளைகுடாக் கரையில் ஆராய்ச்சி என்று இறங்கினால் எப்படியும் ஒருநாள் கடல்பாசியில் வந்து நிற்போம். நான் எடுத்தது கட்டக்கோரை. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஓர் அக்காவிடம் ஒரு சாக்கு வாங்கினேன். "ஈரத்தோட கட்டி வைக்காதீங்க தம்பி, புழுங்கிப்போகும். போனதும் விரிச்சுப் போட்டுருங்க" என்றார். சரிக்கா என்று தலையாட்டினேன். லேபுக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. சாக்கை மூலையில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் சாக்குக்குள் கையை விட்டால் நடுவில் வெதுவெதுவென்று இருந்தது. லேசாக நாற்றமும் வந்தது. அலசினால் சரியாகிவிடும் என்று அலசிக் காயவைத்துச் சாறு எடுத்தேன். ஆட்டோகிளேவ் செய்தேன் (அழுத்த நீராவியில் வேகவைப்பது), 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன். அகார் தட்டில் தடவிப் பார்த்ததில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. அப்புறம் என்ன, சுத்தம்தானே!

கடல் நீரிலும் பாசி மேல் இருக்கும் வழவழப்பிலும் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கிராம் நெகட்டிவ் வகை. அவற்றின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு இருக்கிறது. எண்டோடாக்சின் என்று சொல்வது இதைத்தான். பாக்டீரியா செத்துச் சிதைந்தால் இது இன்னும் தாராளமாகக் கழன்று சாற்றில் கலக்கும். 121 டிகிரி ஆட்டோகிளேவுக்கு இது மசியாது. வடிகட்டி பாக்டீரியாவைத்தான் பிடிக்கும், இதைப் போகவிட்டுவிடும். மேக்ரோபேஜோ இதை மோப்பம் பிடிப்பதற்கென்றே டிஎல்ஆர்4 என்ற ஏற்பியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் செல். ஒரு மில்லிக்குச் சில நானோகிராம் இருந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சாறு விடுகிறீர்கள். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எண்டோடாக்சின் என்றால் 10 நானோகிராம். தட்டு முழுக்க ரோஸாக அது போதும். மீதி 9,999 பங்கு பாசி சும்மா இருந்திருக்கலாம்.

எனக்கு இது ஐந்து மாதம் தெரியவில்லை. மூன்று முறை திருப்பிச் செய்தேன், மூன்று முறையும் அழகாக வந்தது. ஒரே சாக்குப் பாசி, வராமல் எங்கே போகும்? ஒரு கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டிவிட்டு நின்றபோது, வயதான ஒருவர் வந்து நிதானமாகப் படித்தார். "பாலிமிக்சின் பி போட்டுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அது எண்டோடாக்சினைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து. ஊருக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ரோஸ் காணாமல் போயிருந்தது.

இன்றைக்கும் எரிச்சல் வருவது ஐந்து மாதம் போனதற்காக மட்டும் இல்லை. அந்த அக்கா ஒரே வரியில் சொன்னதைக் கேட்டிருந்தால் பாதிப் பிரச்சினை முளைத்தே இருக்காது. மீதிப் பாதி எங்கள் வாலை வடிநீர் கேனில் இருந்தது. நாள்கணக்கில் தேங்கும் நீரில், உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா வழவழப்பு படிந்துவிடும். நான் கன்ட்ரோலாக வைத்ததோ வெறும் மீடியம், அதாவது செல் வளரும் திரவம். அதே கேன் தண்ணீரைப் பாசி இல்லாமல், சாறு எடுக்கும் எல்லாப் படிகளிலும் கொண்டுபோய் அதைக் கன்ட்ரோலாக வைத்திருந்தால் முதல் வாரமே குட்டு உடைந்திருக்கும்.

செய்ய வேண்டியவை: கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரி உலர் சூட்டில் 30 நிமிடம் வையுங்கள். எண்டோடாக்சின் இல்லாத தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குங்கள், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். சாற்றை எல்ஏஎல் சோதனை செய்யுங்கள். குதிரைலாட நண்டின் நீல ரத்தத்து அணுக்களை வைத்துச் செய்வது அது. பாக்டீரியா பட்டால் அந்த ரத்தம் உறைவதைக் கவனித்து, லெவினும் பேங்கும் 1964இல் அதை விளக்கினார்கள். கடல் கொடுக்கும் குழப்பத்துக்குக் கடலே வைத்தியமும் வைத்திருக்கிறது.

ஆனால் பாசிக்காரர்கள் இதிலும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருந்தால் எல்ஏஎல் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், அதைத் தடுக்கும் பஃபர் சேர்க்க வேண்டும். பாலிமிக்சின் நேர்மின்சுமை கொண்டது. கட்டக்கோரையின் ஃபுகாய்டானும் கப்பாபைகஸ் பாசியின் கராஜீனானும் சர்க்கரைச் சங்கிலிகள், எதிர்மின்சுமை கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நம்மை ஏமாற்றலாம். அதனால் தெரிந்த அளவு எண்டோடாக்சினை வேண்டுமென்றே சாற்றில் கலந்து, சோதனை அதைத் திருப்பிக் காட்டுகிறதா என்று பாருங்கள். டிஎல்ஆர்4 இல்லாத செல் கிடைத்தால் அதிலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அங்கேயும் ரோஸ் வந்தால் எண்டோடாக்சின் மேல் பழி போட முடியாது.

டிரிப்சின்

தட்டில் ஒட்டிய செல்லைக் கழற்றும் நொதி இது. நாங்கள் வளர்க்கும் எலி மேக்ரோபேஜான ரா 264.7 செல்லுக்கு வேண்டாம். சுரண்டி எடுங்கள், மெதுவாக.

பாசேஜ் எண்ணை எழுதாமல் விடுவது

செல்களைப் பிரித்துப் புது ஃபிளாஸ்குக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ். இந்த ரா செல் 1970களில் எலிக் கட்டியிலிருந்து எடுத்தது, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். அதனால் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். 30 பாசேஜ் தாண்டினால் உருண்டைச் செல்கள் நீண்டு முள்ளு முள்ளாகத் தெரிய ஆரம்பிக்கும், பதிலும் மாறும். ஃபிளாஸ்க் நிறைய விட்டாலும் இதே கதிதான். புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் பத்துக் குப்பி உறைய வைத்துவிடுங்கள்.

ரத்தத்தை ஐஸில் வைப்பது

கடற்கரை ஊர், ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு பையன் சம்மதக் கையெழுத்து வாங்கி எடுத்த ரத்தத்தை, மீன் கொண்டுவரும் பெட்டியில் ஐஸ் கொட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்தான். பாவம், அக்கறையாகத்தான் செய்தான். குளிர்ந்த ரத்தத்தை, செல்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் ஃபிகால் திரவத்தின் (அடர்த்தி 1.077) மேல் ஊற்றினால் செல்கள் ஒழுங்காகப் பிரியாது, நடுவில் வரவேண்டிய வெள்ளையணுக்களின் வெள்ளை வளையம் மங்கிவிடும். 20 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். நம் ஊர் மே மாதத்து அறை வெப்பநிலையை அறை வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏசி அறையில் வையுங்கள். சென்ட்ரிபியூஜில் பிரேக்கை அணைத்துவிடுங்கள்.

மைக்கோபிளாஸ்மா

செல் வளர்ப்பில் புகுந்துகொள்ளும் மிகச் சிறிய பாக்டீரியா இது. வந்தாலும் மீடியம் கலங்காது. செல்சுவர் இல்லாததால் பென்சிலின் ஒன்றும் செய்யாது. மாதம் ஒருமுறை பிசிஆர்.

கரண்ட் போனால்

இன்குபேட்டர் கதவைத் திறந்து பார்க்காதீர்கள்.

மாணவியிடம், சாக்கை எப்போது பிரித்தாய் என்று கேட்டேன். "மறுநாள் சார்." பாலிமிக்சின் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் தட்டைக் கொண்டுவந்தாள், இந்த முறை தூக்கிக் காட்டவில்லை. ரோஸ் முழுதாகப் போகவில்லை, பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. மிச்சம் இருப்பது பாசியா, நாங்கள் இன்னும் பிடிக்காத வேறு ஏதாவதா என்று இரண்டு பேரும் மேஜையில் பேப்பரைப் போட்டுப் பேசினோம். நேற்று அவள் புதுப் பாசி வாங்கப் போயிருந்தாள். விரித்துப் போட்டுக் காயவைக்க, கையோடு ஒரு பழைய வலையையும் எடுத்துக்கொண்டு போனாள்.