உபுண்டுவை நிறுவிய பிறகும் விண்டோஸே திறக்கிறதா?

விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயக்குதளத்தையும் நிறுவும் புதியவர்களுக்கு நேரும் சிக்கல்களில் பல, உபுண்டுவை நிறுவப் பயன்படும் பென் டிரைவ் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் தொடங்கியதா, பழைய லெகசி முறையில் தொடங்கியதா என்று பார்க்காமல் விடுவதால் வருகின்றன. இரண்டு இயக்குதளங்களும் வெவ்வேறு முறையில் நிறுவப்பட்டுவிட்டால், கணினி தொடங்கும்போது எந்த இயக்குதளத்தைத் திறப்பது என்று கேட்கும் கிரப் பட்டியலிலிருந்து விண்டோஸைத் திறக்க முடியாது.

ஆகவே முதலில் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். அதில் யுஇஎஃப்ஐ என்று இருந்தால், எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவில் பென் டிரைவின் பெயர் இருமுறை தோன்றும்போது, யுஇஎஃப்ஐ என்ற சொல்லோடு தொடங்குவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். லெகசி என்று இருந்தால், அந்த வட்டு பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு வகையாக இருக்கும். அதில் 4 முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு (வட்டின் பகுதிகளுக்கு) மேல் உருவாக்க இயலாது என்பதால், காலி இடம் இருந்தும் உபுண்டுவின் நிறுவி (நிறுவும் நிரல்) அதைப் பயன்படுத்த மறுக்கலாம்.

அடுத்து, விண்டோஸை முழுமையாக அணைக்காமல் விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துங்கள். வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே சி டிரைவைச் சுருக்கி, குறைந்தது 25 ஜிபி இடத்தை ஒதுக்கப்படாத நிலையில் விடுங்கள்.

நிறுவியில் வட்டே தென்படவில்லை என்றால், வட்டை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடக்கூடும் என்பதால், அடுத்த தொடக்கம் சேஃப் மோடில் நிகழும்படி விண்டோஸில் முன்பே அமைத்துவிட்டு, அதன் பிறகே பயாஸுக்குள் செல்லுங்கள்.

பார்ட்டிஷன்களை நீங்களே அமைப்பதாக இருந்தால், காலி இடத்தில் லினக்ஸின் எக்ஸ்ட்4 வகைப் பார்ட்டிஷனை உருவாக்கி, அதன் மவுண்ட் பாயின்ட்டாக (அது இணையும் இடமாக) '/' என்பதைக் கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி அளவுள்ள, இயக்குதளங்களைத் தொடங்கும் நிரல்கள் இருக்கும் ஃபேட்32 வகை இஎஃப்ஐ பார்ட்டிஷனை அப்படியே பயன்படுத்த வேண்டும். அதை ஃபார்மேட் செய்யச் சொல்லும் பெட்டியில் டிக் விழாமல் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். அந்த ஒரு டிக்கினால் உங்கள் கோப்புகள் அழியமாட்டா, ஆனால் விண்டோஸைத் தொடங்கும் நிரல் அழிந்துவிடும்.

நிறுவி முடித்த பிறகும் கணினி நேராக விண்டோஸுக்கே சென்றால், மறுபடி நிறுவ வேண்டாம். பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே உபுண்டுவை நகர்த்தினாலே பல கணினிகளில் கிரப் வந்துவிடும். அந்த வரிசையில் உபுண்டுவே இல்லையென்றால், பென் டிரைவை மீண்டும் அதே முறையில் தொடங்கி, சோதித்துப் பார்க்கும் தெரிவில் நுழைந்து, இணைய இணைப்புடன் பூட் ரிப்பேர் செயலியை நிறுவி, பரிந்துரைக்கப்பட்ட சீரமைப்பை இயக்குங்கள். விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்ததால் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையில் நிற்பவர்களுக்கு இந்த வழி தேவையில்லை. யுஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் இருந்தால், அவர்கள் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.