உங்களுக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளை வயலின் கற்கிறது: வீட்டுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்நாடக வயலின் வகுப்பு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மற்ற நாட்களில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவது வில்லைத் தொட்டே பார்த்திராத அம்மாவோ அப்பாவோ தாத்தாவோதான். இசை தெரியாததால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. தெரியாத காதை வைத்துக்கொண்டு "ஸ்வரம் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது. கண்ணால் பார்க்கவும் கையால் எண்ணவும் முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால், வாசிக்கத் தெரியாதவர் தாராளமாக உதவலாம்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடும். "வளர்ற பிள்ளைதானே" என்று பெரியவர்களுக்கான 4/4 (முழு) அளவு வயலினை வாங்கி வந்துவிடுவார்கள். பாவாடை சட்டைக்குச் சரி, வயலினுக்கு உதவாது. கை எட்டாத பிள்ளை மணிக்கட்டை மடித்து விரலை இழுக்கும். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. வாங்கும்போது இடக்கையை வயலினோடு நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கிய நிலையிலேயே உள்ளங்கை வயலின் முனையிலுள்ள சுருள் தலையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கை விறைப்பாக நீண்டால்தான் எட்டுகிறது என்றால் ஓர் அளவு குறைத்து 3/4, 1/2, 1/4 என்று பாருங்கள்.

புது வயலின் சத்தமே போடவில்லை என்று கடைக்குத் திரும்ப ஓடுபவர்கள் உண்டு. வில்லின் முடியில் ரோசின் என்ற பிசின் பொடி இல்லாவிட்டால் அது கம்பியைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். புது ரோசின் கட்டியின் மேல்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுத்த பிறகே பொடி ஒட்டும். முதல் தடவை தாராளமாகத் தேய்க்கலாம். அதன்பின் பயிற்சிக்கு முன் மூன்று நான்கு இழுப்பு போதும். வில்லை முறுக்கும்போது நடுப்பகுதியில் குச்சிக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடம் இருக்கட்டும். வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் குச்சியின் வளைவு நிமிர்ந்துபோகும். முடியை விரலால் தொடக்கூடாது. வயலின் மேல் படிந்த வெள்ளைப் பொடியை உலர்ந்த துணியால் துடையுங்கள். சானிடைசரோ ஸ்பிரிட்டோ பட்டால் வார்னிஷ் போய்விடும்.

சுருதி சேர்ப்பதில்தான் கம்பிகள் அறுகின்றன. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை மேற்கத்திய முறைக்கு உரியவை. அங்கே தடித்த கம்பியிலிருந்து ஜி, டி, ஏ, இ. நம் முறையில் ஸ, ப, ஸ, ப (ஸட்ஜம், பஞ்சமம், மறுபடி ஸட்ஜம், பஞ்சமம்). ஸட்ஜம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள். ஐந்து கட்டை சுருதி என்றால் ஜி3, டி4, ஜி4, டி5 என்று வரும். கட்டை குறைந்தால் எல்லாமே இறங்கும். எந்தக் கட்டை என்பதை ஆசிரியரிடம் கேட்டு, கைபேசியின் சுருதி காட்டும் ஆப் காட்டவேண்டிய நான்கு எழுத்தையும் பக்கத்தில் வரும் எண்ணையும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த எண்தான் ஸ்தாயி, அதாவது அதே ஸ்வரம் கீழே ஒலிக்கிறதா மேலே ஒலிக்கிறதா என்பது. அதைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் நம்பி, டி4-இல் நிற்கவேண்டிய தடித்த பஞ்சமக் கம்பியை டி5 வரை முறுக்கினால், பட்டென்று அறுந்து முகத்தில் அடிக்கும்.

கம்பியை முறுக்கும் ஆணியான பிருடையைச் சும்மா திருகினால் நிற்காது. உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். ஈரப்பதம் கூடினால் இறுகும், ஏ.சி. அறையில் உலர்ந்து வழுக்கும். சின்ன வித்தியாசத்தைக் கம்பியின் மறுமுனையில் உள்ள ஃபைன் ட்யூனரிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். இன்னொன்று: சுத்தம் செய்கிறேன் என்று நான்கு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் கட்டையும் ஒட்டப்பட்டவை அல்ல, கம்பியின் அழுத்தத்தில் நிற்பவை. சவுண்ட் போஸ்ட் விழுந்தால் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். கம்பி மாற்றுவதானால் ஒவ்வொன்றாக.

இசைக்குக் காது பழகாதவர் ஸ்வரம் பார்ப்பது எப்படி

முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும். பெரும்பாலும் ஸ திறந்த கம்பி, ரி ஆள்காட்டி விரல், க நடுவிரல், ம மோதிர விரல். இதில் ரி ஸட்ஜத்துக்கு ஒட்டியே இருக்கும், ரிக்கும் காவுக்கும் நடுவே பெரிய இடைவெளி, காவும் மாவும் மறுபடி ஒட்டி வரும். பஞ்சமக் கம்பியிலும் ப, த, நி, ஸ அச்சு அசலாக இதே அமைப்புதான். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழை கண்ணிலேயே தெரிந்துவிடும். பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவது அந்தப் பெரிய தாவலில்தான்: நடுவிரல் முழுதாக எட்டாமல் முன்னாலேயே விழும், க (காந்தாரம்) சுருதி இறங்கி ஒலிக்கும். நடுவிரலும் மோதிர விரலும் தள்ளி நின்றால் "விரல் ஒட்டலையே" என்று மட்டும் சொல்லுங்கள்.

மேல் ஸட்ஜத்தைச் சோதிக்க இன்னும் நல்ல வழி இருக்கிறது. மெல்லிய பஞ்சமக் கம்பியில் மோதிர விரல் சரியான இடத்தில் விழுந்தால், பக்கத்திலுள்ள திறந்த ஸட்ஜக் கம்பி வில் படாமலேயே அதிரும். ஒரு சிறு காகிதத் துண்டை 'வி' வடிவில் மடித்து அந்தக் கம்பியின் மேல் உட்காரவைத்தால் அது துடிப்பதைப் பார்க்கலாம். கம்பியின் நட்டநடுவில் வைக்காதீர்கள். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்போது நடுப்புள்ளி அசையாது. பிரிட்ஜிலிருந்து கால்பங்கு நீளத்தில் வைப்பது சரி. கம்பிகள் முதலில் சுருதி சேர்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, "அப்பா சொல்றார்" என்ற சண்டைக்கும் இடமில்லை.

ஸ்வரத்துக்கு ஸ்வரம் நிறுத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முடியட்டும், பிறகு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். உட்காரும் விதமும் வில்லும் எளிதில் பார்க்கக்கூடியவை: சுருள் தலை வலது கணுக்காலில் நிற்கிறதா, வயலினின் கனம் இடது உள்ளங்கையில் இறங்காமல் இருக்கிறதா, வில் பிரிட்ஜுக்கு இணையாக ஓடுகிறதா அல்லது முனைக்குப் போகும்போது சாய்கிறதா. நின்றுகொண்டு தாடைக்கடியில் பிடிக்கும் மேற்கத்திய வீடியோவைக் காட்டி "இப்படிப் பிடி" என்று சொல்லிவிடாதீர்கள்.

தாளம் போடுவதை நீங்களே கற்றுக்கொள்ளலாம், ஒரு மாலை போதும். ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, மொத்தம் எட்டு. ஆனால் பிள்ளை கஷ்டமான இடத்தில் தயங்கும்போது உங்கள் கையும் சேர்ந்து தயங்கினால் அது தாளமே அல்ல. மெட்ரோனோம் ஆப்பில் 50 வைத்து அதனோடு போடுங்கள். காலம் என்றால் வேகம்: முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டில் இரண்டு, மூன்றில் நான்கு. அதாவது மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 200 ஸ்வரம். அது குழறினால் 40-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். உறவினர் வந்தால் வாசித்துக்காட்ட வேண்டுமே என்று மூன்றாம் காலத்துக்கு விரட்டுவதுதான் கையைக் கெடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒன்றரை மணி நேரத்தைவிட தினமும் 15 நிமிடம் கைக்கு நல்லது.

ஜப்பானின் ஷினிச்சி சுஸுகி வகுத்த முறையில் பெற்றோரும் வகுப்பில் உட்கார்ந்து அடிப்படைகளைக் கற்கிறார்கள். நம் வகுப்புகளிலும் கேட்டால் பல ஆசிரியர்கள் அனுமதிப்பார்கள். போனால் கைபேசியை நோண்டாமல் குறிப்பு எடுங்கள்: எந்த வரிசை, எந்தக் காலம், எந்த விரல், என்ன திருத்தினார். ஆசிரியர் வாசித்துக் காட்டுவதை அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொண்டால், வீட்டில் ஐயம் வரும்போது அதையே போட்டுக் காட்டிவிடலாம்.

கீதம், வர்ணம் என்ற அடுத்த பாடங்களுக்குப் போய், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வந்துவிட்டால் விரலின் இடத்தைக் கண்ணால் சோதிக்கும் இந்த வழியெல்லாம் செல்லாது. விரல் ஓரிடத்தில் நிற்காது, வழுக்கி ஆடும். இடக்கை வழுக்க எண்ணெய் தடவச் சொல்வார்கள்; அது வில்லின் முடியில் பட்டால் பட்ட இடம் கம்பியைப் பிடிக்காது. அப்போது உங்கள் வேலை அந்தக் கையைக் கவனிப்பதும் சுருதிப் பெட்டியைப் போடுவதும் தாளம் போடுவதும்தான். ஸ்வரத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.